மசினகுடிக்கு எந்த வழி?

நீலகிரிக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்ல அந்தக் காலத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் மைல் கல். வாய் பேச மாட்டார். பொய்யும் சொல்ல மாட்டார். இரண்டாமவர் டீக்கடைக்காரர். கேட்டதற்கு மேலேயே சொல்லுவார். மூன்றாமவர் பஸ் கண்டக்டர். அவர் வழி சொல்வதோடு, "இந்த மழையில் ஏன் போறீங்க?" என்று புத்தியும் சொல்லுவார்.

இப்போது நான்காவதாக ஒருத்தி வந்திருக்கிறாள். மோட்டார் காரின் முன்பக்கத்தில், ரேடியோ இருந்த இடத்தில், சின்னச் சினிமாத் திரை போல் ஒன்று பதித்திருக்கிறார்களே, அதற்குள் குடியிருப்பவள். "இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்" என்று இங்கிலீஷில் பேசுவாள். அவள் பேச்சைக் கேட்காமல் வலது பக்கம் திரும்பினாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "வழியை மறுபடி கணக்கிடுகிறேன்" என்பாள். இவ்வளவு பொறுமைசாலியான பெண்மணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் பொறுமை வேறு, விவரம் வேறு என்பதைக் கோயமுத்தூரிலிருந்து மசினகுடி போன ஒரே நாளில் தெரிந்துகொண்டோம்.

2025 ஜூலை 12, சனிக்கிழமை. மறுநாள் காலையில் மசினகுடியில் என் நாத்தனார் பெண்ணுக்கு வளைகாப்பு. காரில் நாங்கள் நான்கு பேர். என் கணவர், நான், ஒன்பதாவது படிக்கும் மகள், எழுபத்தாறு வயதான என் அத்தை. அதாவது மாமியார். பேத்தியின் கையில் முதல் வளையலைத் தாமே அடுக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது எல்லாருடைய ஆசையும். மசினகுடி காட்டு ஊர். பொழுது சாய்ந்தபின் அங்கே சாலை யானைக்குச் சொந்தம்.

கார் 2011-ல் செய்தது. செகண்ட் ஹாண்டில் வாங்கினோம். முந்தின நாள்தான் பாட்டரி மாற்றினார்கள். கூரைமேல் காரியரில் பெரிய அலுமினிய அண்டா ஒன்று கட்டியிருந்தது. வளைகாப்புக்குக் கலந்த சாதம் கிளற வேண்டுமே!

காணாமல் போன கார்

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் 35 கிலோமீட்டர். தெரிந்த வழி, பெட்டியை யாரும் கேட்கவில்லை. மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கல்லாறுப் பக்கம் பாக்குத் தோப்புகளுக்குள் நுழைந்ததும் மகள் திரையைத் தட்டினாள். வழி வரவில்லை. எங்கள் கார் இன்னமும் கோயமுத்தூர் ஒர்க்ஷாப்பிலேயே நிற்பதாக அது காட்டியது!

"ஆகாசத்திலிருந்து நம்மைப் பார்த்துக்கிட்டே இருக்குதுன்னு சொன்னீங்களே, இதுகூடத் தெரியலையா?" என்று அத்தை கேட்டார்.

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் ஆகாசத்திலிருந்து யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. பூமிக்கு 20,200 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்காக்காரர்கள் 1978 முதல் அனுப்பி வைத்த துணைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை ரேடியோ ஸ்டேஷன் போல, "நான் இன்ன துணைக்கோள், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அவ்வளவுதான். காரில் இருக்கும் பெட்டி அதைக் கேட்கிறது. சொன்ன நேரத்துக்கும் காதில் விழுந்த நேரத்துக்கும் வித்தியாசம் ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு இருக்கும். அதை வைத்துக்கொண்டு துணைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. நான்கு துணைக்கோள்களின் குரல் கேட்டால், நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தள்ளிக் காட்டும்!

அப்படியானால் எங்கள் பெட்டிக்கு ஏன் காது கேட்கவில்லை? கல்லாறுப் பக்கம் ஒரு மெக்கானிக் கடையில் வண்டியை நிறுத்தினோம். அவர் பானெட்டைத் திறக்கவேயில்லை. அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, கூரைமேல மீன் செதிள் மாதிரி ஒண்ணு நிக்குதே, அதுதானுங்க ஏரியல். அதுமேல அண்டாவைக் கவுத்துக் கட்டியிருக்கீங்க. அப்புறம் எப்படி ஆகாசம் கேக்கும்?"

அண்டா முன்பக்கம் நகர்ந்தது. அடுத்த கேள்வி: "பாட்டரியைக் கழட்டினீங்களா?"

"நேத்துத்தானுங்க."

"அதுதான். எந்தத் துணைக்கோள் எங்கே இருக்குதுங்கிற பஞ்சாங்கத்தை அது மறந்துபோயிருக்கும். வெட்டவெளியாப் பார்த்து, இஞ்சினை ஓடவிட்டுக் கால் மணி நேரம் நிறுத்துங்க. அதுவே படிச்சுக்கும்."

பஞ்சாங்கம் என்று அவர் சொன்னது மிகப் பொருத்தம். எல்லாத் துணைக்கோள்களும் எங்கெங்கே இருக்கும் என்ற அட்டவணை அந்தக் குரலோடேயே வருகிறது. முழுவதும் வந்து சேரப் பன்னிரண்டரை நிமிஷம் ஆகும். பாக்கு மர நிழலிலும், ஓடிக்கொண்டிருக்கும்போதும் பாடம் சரியாக ஏறாது. தோப்பை விட்டு வெளியே வந்து, திறந்தவெளியில் நிறுத்தி, பிளாஸ்கிலிருந்த காப்பியைக் குடித்து முடித்தோம். கார் ஒர்க்ஷாப்பை விட்டுக் கிளம்பிக் கல்லாறுக்கு வந்து சேர்ந்தது, திரையில்!

"அப்பத்தா, இங்கே பாருங்க" என்று சிரித்தாள் மகள். திரையில் தேதி: 2005 நவம்பர் 26, சனிக்கிழமை.

"இருபது வயசு குறைஞ்சுபோச்சா? நல்லதுதான் கண்ணு, அப்படியே விட்டுடு" என்றார் அத்தை.

கிழமை சரி, வருஷம் தப்பு. இது என்ன வேடிக்கை? துணைக்கோள்கள் தேதியை வாரக் கணக்கில் சொல்கின்றன. வாரத்தை எண்ண அவற்றுக்கு இருப்பது 0 முதல் 1,023 வரைதான். அதற்கு மேல் போனால், பழைய காரின் மைல் மீட்டர் போல மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி ஆயிற்று. இது எத்தனையாவது சுற்று என்று தெரியாத பழைய பெட்டிகள் 1,024 வாரம் பின்னால் போய்விடுகின்றன. 2022 புது வருஷத்தன்று பல நாடுகளில் சில கார்களின் கடிகாரங்கள் 2002 என்று காட்டியதும் இதனால்தான். கம்பெனி புதிய மென்பொருள் கொடுத்தால் சரியாகும். கொடுக்காவிட்டாலும் இடம் காட்டுவதில் பெரும்பாலும் பிழை வராது. ஆகவே அத்தையின் வயதை அப்படியே விட்டுவிட்டோம்.

கொண்டை ஊசிகள்

பர்லியாறில் மங்குஸ்தான் பழம் குவித்திருந்தார்கள். ஆனி, ஆடியில் நீலகிரி ஏறுகிறவர்கள் அங்கே நிறுத்தாமல் போகக் கூடாது. கருஞ்சிவப்புத் தோலை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சுளை. வாயில் போட்டால் கரைகிறது.

மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 14. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட போர்டு உண்டு. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறு பக்கம் பள்ளத்தாக்கு, நடுவே மேகம். திரையில் பார்த்தால் எங்கள் கார் ரோட்டை விட்டுக் குதித்து, கீழே உள்ள வளைவுக்குப் போவதும் மேலே உள்ள வளைவுக்குத் தாவுவதுமாக இருந்தது!

இதற்கும் காரணம் உண்டு. மலை, ஆகாசத்தில் பாதியை மறைத்துவிடுகிறது. துணைக்கோளின் குரல் பாறையில் மோதி எதிரொலியாக வந்தால் கணக்குப் பிசகுகிறது. காரோடு சேர்த்துப் பதித்த பெட்டிக்கு இந்தச் சமயத்தில் கைகொடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பதை அளந்து, கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற மாதிரி அது நடக்கிறது. டயர் அளவை மாற்றியிருந்தால் இந்தக் கணக்கும் கொஞ்ச நாள் தடுமாறும். மெனுவில் அதைச் சரிப்படுத்தும் இடம் சில வண்டிகளில் இருக்கிறது.

ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கும் கொண்டை ஊசிப் பாதையில் இந்த ஏற்பாடும் திணறிப்போகிறது. அங்கே திரையைப் பார்ப்பதற்கு அவசியமும் இல்லை. போர்டில் நம்பர் இருக்கிறது. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைப்பாதைச் சட்டம் தெரிந்தால் போதும்.

ஒரே ஊருக்கு எத்தனை பெயர்!

மத்தியானம் ஒரு மணிக்கு ஊட்டி. சாரல்; நல்ல குளிர். சாப்பிட்டுவிட்டு, மகள் பெட்டியில் மசினகுடி என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். "அப்படி ஊர் இல்லை" என்றது.

நம் ஊர்களை இங்கிலீஷில் எழுதுவது பெரிய வித்தை. ஊட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓ-வில் ஆரம்பித்துச் சின்னப் பெயர் ஒன்று, பெரிய பெயர் ஒன்று. யு-வில் ஆரம்பித்து உதகமண்டலம் என்று ஒன்று. அதிலும் நடுவில் எச் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. 2020-ல் தமிழ்நாடு சர்க்கார் 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்துக்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி உத்தரவு போட்டார்கள். கோயமுத்தூருக்குக்கூட நீளமாக ஒரு புது எழுத்து வந்தது. சில நாட்களிலேயே அந்த உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மனிதர்களே இத்தனை தடுமாறும்போது பெட்டி என்ன செய்யும்? யார் எப்படி எழுதிக் கொடுத்தார்களோ அப்படி வைத்திருக்கிறது.

மகள் நடுவில் ஏ எழுத்துக்குப் பதில் ஐ போட்டாள். மசினகுடி உடனே வந்துவிட்டது! முழுப் பெயரை அடிப்பதைவிட முதல் நாலு எழுத்தை அடித்து, வருகிற பட்டியலில் தேடுவது நல்லது. ஒரே பெயரில் இரண்டு ஊர் வந்தால் ஜில்லாவின் பெயரைப் பார்க்க வேண்டும்.

முப்பதா, எழுபதா?

பெட்டி காட்டிய வழி முப்பது கிலோமீட்டர்தான்! தலைக்குந்தாவில் பிரிந்து, கல்லட்டி வழியாக நேரே இறங்கினால் மசினகுடி. இன்னொரு வழியும் உண்டு. பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு என்று மலையையே சுற்றிக்கொண்டு போவது. அது ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர்.

மணி இரண்டு. மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. என் கணவருக்கு முப்பதுதான் பிடித்தது. "இருட்டறதுக்கு முன்னாடி போகணும்னா இதுதானே வழி? பெட்டியே சொல்லுது" என்றார்.

பின் சீட்டிலிருந்து அத்தை பேசினார். என் மாமனார் சிங்காரா பவர் ஹவுஸில் மின்வாரிய உத்தியோகத்தில் இருந்தவர். மசினகுடிக்குப் பக்கத்தில், பைக்காரா தண்ணீரில் மின்சாரம் எடுக்க 1932-ல் ஏற்பட்ட நிலையம் அது. அத்தை பன்னிரண்டு வருஷம் அந்தக் குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தியவர்.

"தம்பி, கல்லட்டியில உங்கப்பா ஜீப்புல ஏறித்தான் வருவாரு. இறங்கறதுன்னா அந்த மலை டிரைவரை விட்டுத்தான் இறக்கச் சொல்லுவாரு. நீ மலையில வண்டி ஓட்டிப் பழகினவன் இல்லை."

"அம்மா, அது அந்தக் காலம். இப்ப ரோடு நல்லா இருக்கும்."

"ரோடு நல்லாத்தான் இருக்கும். மலை அதேதானே?"

எனக்கு இரண்டு பக்கமும் பேசத் தயக்கம். "ஏனுங்க, பெட்ரோல் போட்டுக்கிட்டு அங்கேயே ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றேன். பங்கில் இருந்த பெரியவர் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். கோயமுத்தூர் நம்பர். தலையை ஆட்டினார்.

"கல்லட்டியில வெளியூர் வண்டி இறங்க விடமாட்டாங்க. விட்டாலும் போகாதீங்க. கூடலூர் வழியே போங்க. நிதானமாப் போனாலும் ஆறு மணிக்குள்ள போயிடுவீங்க."

அவர் சொன்னதன் காரணத்தைப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மசினகுடி ஏறக்குறைய ஆயிரம் மீட்டர்தான். அவ்வளவு உயரத்தையும் கல்லட்டிச் சாலை 36 கொண்டை ஊசி வளைவுகளில் சடசடவென்று இறங்கி முடிக்கிறது. பழகாதவர்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். பிரேக் சூடேறி, அதிலுள்ள எண்ணெய் கொதித்துவிட்டால், பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் பாடம். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் இந்தச் சாலையில் பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் வரை ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. உள்ளே இருந்தவர்களில் பலர் உயிர் இழந்தார்கள். அதற்குப் பிறகுதான் வெளி ஜில்லா வண்டிகள் அந்த வழியாக இறங்குவதைப் போலீஸார் தடுத்தார்கள்.

எங்கள் பெட்டிக்குள் இருக்கும் படம் 2011-ல் பதித்தது. 2018-ல் நடந்தது அதற்கு எப்படித் தெரியும்? சரிவும் தெரியாது, சட்டமும் தெரியாது. "குறைந்த தூரம்" என்று யாரோ எப்போதோ அதற்குக் கட்டளை கொடுத்திருந்தார்கள். அது கட்டளையை நிறைவேற்றியது. அவ்வளவுதான்.

பழுது பெட்டியில் இல்லை, கட்டளையில் இருந்தது. மகள் மெனுவைத் திறந்து, "குறைந்த தூரம்" என்றிருந்ததைப் "பெரிய சாலை" என்று மாற்றினாள். அப்போதும் அது கல்லட்டியையே காட்டியது! பிறகு "வழியில் ஓர் ஊர்" என்ற இடத்தில் கூடலூரைப் போட்டாள். உடனே கோடு பைக்காரா பக்கம் திரும்பியது. பெட்டி பிடிவாதம் பிடித்தால் இந்த உபாயம் நிச்சயம் பலிக்கும். போகும் ஊரை மட்டும் சொல்லாமல், எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்பதையும் நாமே சொல்லிவிட வேண்டும்.

என் கணவர் ஒன்றும் பேசவில்லை. தலைக்குந்தாவில் கல்லட்டிக்குப் பிரியும் இடம் வந்ததும் தாமாகவே நேரே ஓட்டினார்.

பெட்டி பேசிய இடம்

பைக்காராவில் மழை பிடித்துக்கொண்டது. நடுவட்டத்தில் மூடுபனி, ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சல் மருந்துக்காகச் சின்கோனா பயிரிட்ட இடம் அது. அத்தை ஒவ்வோர் ஊரையும் வருமுன்பே சொல்லிக்கொண்டு வந்தார். கூடலூரில் மணி நாலரை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றுக்கும் அங்கிருந்து சாலை பிரிகிறது.

கூடலூரைத் தாண்டி முதுமலைக் காட்டுக்குள் நுழைந்ததும் என் டெலிபோனில் இருந்த படம் மறைந்து வெள்ளைத் தாளாயிற்று. காட்டில் சிக்னல் இல்லை. முன்கூட்டியே படத்தை இறக்கி வைத்திருந்தாலொழிய டெலிபோன் அங்கே பயன்படாது. ஆனால் காரில் பதித்த பெட்டி கொஞ்சமும் கலங்கவில்லை! அதன் படம் அதற்குள்ளேயே இருக்கிறது. துணைக்கோளின் குரலுக்குச் சிக்னல் கோபுரமும் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். "ஐந்நூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்" என்றாள் அந்த அம்மாள். தெப்பக்காடு வந்துவிட்டது.

யானை முகாமில் சாயங்காலத் தீனி வேளை. 2023-ல் ஆஸ்கார் பரிசு பெற்ற படத்தில் வந்த முகாம் என்பதால் மகள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாத்தனார் வீட்டு வாசலில் வண்டி நின்றது. மழையே இல்லை. மசினகுடி மலையின் மறைவில் இருப்பதால் அந்தப் பருவத்து மழை அங்கே அதிகம் எட்டுவதில்லை. மறுநாள் அத்தை முதல் வளையலை அடுக்கினார். அண்டாவில் புளிச்சாதம் அருமையாக அமைந்தது.

நீங்களும் புறப்படுமுன்

வழி சொல்லும் பெட்டி தகராறு செய்தால் உடனே ஒர்க்ஷாப்புக்கு ஓட வேண்டாம். மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, அதற்கு ஆகாசம் தெரிகிறதா? கூரை ஏரியலின்மேல் அண்டாவோ பெட்டியோ இருந்தால் அகற்றுங்கள். உங்கள் வண்டியில் ஏரியல் உள்பக்கம் இருந்தால், உலோகப் பூச்சுள்ள பிலிம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டரி மாற்றியிருந்தால் வெட்டவெளியில் கால் மணி நேரம் நிறுத்துங்கள்.

இரண்டாவது, அதன் படம் எந்த வருஷத்தது? மெனுவில் போட்டிருக்கும். பழையதானால் புதுப் பாலமும் தெரியாது, புதுத் தடையும் தெரியாது. கூடலூருக்கு அப்பால் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. நீலகிரிக்குப் போக இ-பாஸ் வாங்கும் முறை 2024 மே 7-ல் அமலுக்கு வந்தது. இவையெல்லாம் பழைய படத்தில் இருக்காது. விசாரித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

மூன்றாவது, அதற்கு என்ன கட்டளை கொடுத்திருக்கிறோம்? "குறைந்த தூரம்" என்பது சமவெளியில் சிக்கனம், மலையில் ஆபத்து.

இந்த மூன்றும் சரியாக இருந்தாலும், வழியிலுள்ள ஊர்களின் பெயரை வரிசையாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது நாங்கள் அப்படித்தான் செய்தோம். அத்தை சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். தெப்பக்காடு, கூடலூர், நடுவட்டம், பைக்காரா, தலைக்குந்தா, ஊட்டி. அந்தச் சீட்டுக்குப் பாட்டரியும் வேண்டாம், ஆகாசமும் வேண்டாம்.